திங்கட்கிழமை ஜன்னல்கள்

தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினை வாங்கிவிட்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஜனங்களின் புகார்களை, பதினாலு ஊர்களில் பதினாலு வீடுகளில் பதினாலு பேர் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பதினாலு பேரில் ஒருத்தியாகவும் தலைவியாகவும் இருந்தவள் தூத்துக்குடி ஜெஸிந்தா. முப்பத்தாறு வயது, ஒரு இடத்தில் நிலையாக உட்காரத் தெரியாதவள். போன் பேசினால் கட்டிலைச் சுற்றி நடப்பாள், சோறு தின்றால் தட்டோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைவாள், தூக்கத்தில்கூட இவள் காலாட்டுகிறாள் என்று துறைமுகத்தில் வேலை பார்க்கிற அவள் புருஷன் கிளமெண்ட் சொல்வான். அப்படிப்பட்டவள் திங்கட்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பின் முன்னால் அரை மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. அவளுக்கு எதிரே பதின்மூன்று கறுப்புக் கட்டங்கள் இருக்கும். எவரும் கேமராவைப் போட மாட்டார்கள், எவரும் வாய் திறக்க மாட்டார்கள். "எல்லாருக்கும் குட் மார்னிங்" என்று அவள் சொன்னால் எங்கோ ஒரு ஊரில் மின்விசிறி கடகடக்கும், எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் பெங்களூரிலிருந்து மேலாளர் நந்தகுமார் கூப்பிட்டார். "உங்க டீம் பேசவே மாட்டேங்குது ஜெஸிந்தா. மீட்டிங்ல உயிர் இருக்கணும்னு மேலிடத்துல சொல்றாங்க. ரெண்டு மாசம் பாப்பாங்க. அதுக்குள்ள சரியாகலேன்னா டீமைக் கலைச்சு மத்த டீம்களோட சேர்த்துடுவாங்க" என்றவர், கூட்டத்தைக் கலகலப்பாக்கும் நாற்பது விளையாட்டுகள் அடங்கிய ஒரு ஃபைலையும் அனுப்பிவைத்தார்.

முதல் திங்கட்கிழமை, "நீங்க ஒரு காயா இருந்தா என்ன காயா இருப்பீங்க?" என்று ஃபைலில் இருந்தபடியே கேட்டாள். முதலாவது ஆள் கத்தரிக்காய் என்று சொல்ல, மற்ற பன்னிரண்டு பேரும் வரிசையாகக் கத்தரிக்காய் என்றே சொல்லி முடித்தார்கள். இரண்டாவது திங்கட்கிழமை, ஒரு நிமிஷத்துக்குள் வீட்டிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஏதாவது எடுத்து வரச் சொன்னாள். எழுந்து போனவர்களில் ஒன்பது பேர் கூட்டம் முடிகிறவரை திரும்பவே இல்லை. மூன்றாவது திங்கட்கிழமை ஆளுக்கொரு வரி பாடச் சொன்னபோது ஒரு சேவல் மட்டும் கூவியது.

நாலாவது திங்கட்கிழமை அவள் ஃபைலைத் திறக்கவில்லை. அவளுக்கே உட்கார முடியவில்லை. கால் துறுதுறுவென்று அரித்துக்கொண்டு வந்தது, பக்கத்து ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, என்ன கேட்பதென்று தெரியாமலேயே, "சரி, நீங்க உக்காந்திருக்கற இடத்துக்குப் பக்கத்து ஜன்னல்ல இப்ப என்ன தெரியுது? அதையாவது சொல்லுங்க" என்றாள்.

ஏனோ அன்றைக்கு அவர்கள் சொன்னார்கள். கோத்தகிரி மாதேவி, தேயிலைத் தோட்டமும் அதன்மேல் இறங்கிக்கொண்டிருந்த பனிமூட்டமும் தெரிவதாகச் சொன்னாள். ஆம்பூர் ரிஸ்வானா, ரயில் தண்டவாளம் கையெட்டுகிற தூரத்தில் இருப்பதாகச் சொன்னாள். கும்பகோணம் வைத்திலிங்கம், கீழே காய்கறிக் கடைத்தெரு, வாழைத்தார் ஏலம் போய்க்கொண்டிருக்கிறது என்றான். தருமபுரிக்காரர் பஸ் ஸ்டாண்டு என்றார். கடைசியில் சேரன்மகாதேவி ஆவுடையப்பன் மட்டும் பாக்கி. இரண்டு வருஷமாக டீமில் இருந்தும் அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. கறுப்புக் கட்டத்தில் வெள்ளையாக ஒரு 'ஆ' மட்டும்தான் அவர். அந்த 'ஆ', "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம். ஜன்னலுக்கு முன்னால சுவருதான்" என்றது.

கூட்டம் முடிந்தது. ஜெஸிந்தா எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். தெருவும் எதிர்வீட்டு மாடியும் அதற்குப் பின்னால் துறைமுகத்துக் கிரேன்களும் தெரிய வேண்டிய இடத்தில் தேயிலைத் தோட்டம் சரிந்து கிடந்தது. கம்பிக்குள் பனிமூட்டம் புகுந்து வந்து லேப்டாப்பின் மேல் துளித்துளியாக இறங்கியது. அவள் ஒரு துணியை எடுத்து லேப்டாப்பைத் துடைத்து மூடிவைத்தாள். மாமியார் லூர்தம்மாள் வந்து பார்த்து, "நல்லதாப் போச்சு, மே மாசத்துக்கு" என்றாள்.

மாதேவியின் ஜன்னல் ஜெஸிந்தாவிடம் வந்ததென்றால் ரிஸ்வானாவின் ஜன்னல் மாதேவியிடம் போயிருந்தது, வைத்திலிங்கத்தினுடையது ரிஸ்வானாவிடம், ஆவுடையப்பனுடையது வைத்திலிங்கத்திடம் என்று, வருகைப் பட்டியலில் உள்ள வரிசைப்படி ஆளுக்கு ஒன்றாக நகர்ந்திருந்தது. திங்கட்கிழமை தோறும் கூட்டம் முடிந்ததும் மறுபடி ஒரு வீடு நகர்ந்தது. கதவு கதவாகவே இருந்தது, வாசல் அந்தந்தத் தெருவுக்கே திறந்தது, மேசைக்குப் பக்கத்து ஜன்னல் மட்டும் அப்படி. கம்பிக்குள் நுழைகிற எதுவும் அந்தப் பக்கம் போகும், இந்தப் பக்கம் வரும். கம்பிக்குள் நுழையாத ஆள் மட்டும் வர முடியாது.

தூத்துக்குடியில் அந்தத் தெருவுக்கு இது பழக இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாளிலிருந்து மத்தியான வெயிலுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு ஸ்டூலோடு வந்து ஜெஸிந்தாவின் அறையில் கோத்தகிரிக் காற்று வாங்கினார்கள். மீன் விற்கிற அக்கா கூடையை ஜன்னலடியில் வைத்துவிட்டு விற்பனைக்கு மட்டும் வெளியே போய்வந்தாள். லூர்தம்மாள் சாகிறவரை தேவைப்படாது என்றிருந்த ஸ்வெட்டரைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டாள். பங்குச் சாமியார் வந்து ஜன்னலுக்கும் சேர்த்து மந்திரித்துவிட்டு, தும்மிக்கொண்டே போனார். கோத்தகிரியிலோ, மாதேவியின் ஊர்க்காரர்கள் ஆம்பூர் ரயில்களின் நேரத்தை மனப்பாடம் செய்துகொண்டு, தேயிலை பறிக்கப் போவதையும் மாட்டை அவிழ்ப்பதையும் அதன்படி வைத்துக்கொண்டார்கள். ஏற்காட்டிலிருந்தோ எங்கிருந்தோ யாராவது ஜெஸிந்தாவுக்குப் போன் போட்டு, "மேடம், உங்க தெருவுல மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி காயுது" என்பார்கள். அவள் ஓடிப்போய் எடுப்பாள்.

இரண்டாம் வாரம் ரயில் ஜெஸிந்தாவிடம் வந்தது. சிக்னலுக்காக நிற்கும்போது பயணிகள் கை நீட்டித் தண்ணீர் கேட்டார்கள். "இது என்ன ஸ்டேஷன்மா?" என்று கேட்ட ஒருவருக்கு லூர்தம்மாள் உள்ளபடியே "தூத்துக்குடி" என்று சொல்ல, அவர் பதறியடித்து டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். மூன்றாம் வாரம் கும்பகோணம் கடைத்தெரு வந்தது. மாடி ஜன்னல் என்பதால் லூர்தம்மாள் கயிற்றில் பை கட்டி இறக்கிக் கீரை வாங்கினாள், விலை பேசுவதற்கு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

திங்கட்கிழமைக் கூட்டம் இப்போது அரை மணி நேரத்தில் முடிவதில்லை. கேமராக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யார் வீட்டுக்குள் எந்த ஊர்க் குரங்கு கை விட்டது, யாருடைய ஜன்னலில் யாருக்குக் கல்யாண ஊர்வலம் வந்தது என்று ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்து பேசினார்கள். நந்தகுமார் மகிழ்ந்துபோய் அந்தக் கேள்வியை மற்ற டீம்களுக்கும் அனுப்பினார். அவர்களும் கேட்டுப் பார்த்தார்கள், ஒரு ஜன்னலும் நகரவில்லை. ஜெஸிந்தாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அடுத்து வரப்போகிற ஜன்னலை நினைத்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவாள். ஒரு ஊரைப் பார்த்துப் பழகுவதற்குள் அது போய்விடுகிறதே என்று ஒரு தவிப்பு, போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம்.

எல்லோரும் பயந்தது சுவருக்குத்தான். ஆவுடையப்பனின் அந்தச் சுவர் முதல் வாரம் வைத்திலிங்கத்திடம் போனது. "ஒரு முழம் தள்ளி சுவரு. மேல ஒரு வென்டிலேட்டர். பின்னாடி யாரோ ஒரு பெரியவர் குளிக்கறார். பத்தரை மணியானா தண்ணிச் சத்தம் கேக்குது" என்றான் அவன். இரண்டாம் வாரம் அது ரிஸ்வானாவிடம் வந்தது. பெரியவர் கையிலிருந்து சோப்பு நழுவி விழுந்து, அவர் அதைத் திட்டிக்கொண்டே தேடுகிற சத்தம் கேட்கவும் அவளுக்கு மனசு கேட்காமல், "மெதுவா பாத்து எடுங்க, வழுக்கிடப் போகுது" என்று சொல்லிவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்து, "யாரு? தம்பி பொஞ்சாதியா?" என்று கேட்டது குரல். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஹெட்செட்டை மாட்டினாள். மறுநாள் அந்தக் குரல் தானாகவே, "சோப்பு கெடச்சிட்டு" என்றது.

மூன்றாம் வாரம் மாதேவி. அவள் யாரோடும் பேசக்கூடியவள். அந்த வாரத்துக் கதையை அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் எல்லோருக்கும் சொன்னாள்.

"பாவம், பேரு கோமதிநாயகமாம். பஹ்ரைன்ல சமையல்காரரா இருந்தாராம். அம்மா செத்துட்டாங்கன்னு போன் வந்து ஏரோப்ளேன் ஏறிட்டாராம், நான் வர்ற வரைக்கும் வச்சிருடான்னு தம்பிகிட்ட சொன்னாராம். தம்பி அஞ்சு மணிக்குக் கொள்ளி வச்சிட்டாராம். இவர் வந்து எறங்கினது எட்டு மணிக்கு. மூணு மணி நேரம். ஒம்பது வருஷம் ஆச்சு, இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்கார். அந்த ஆத்திரத்துலதான் தம்பி வீட்டு ஜன்னலை அடைச்சு இந்த பாத்ரூமைக் கட்டினேன்னு அவரே சொன்னார். மக கல்யாணமாகி கோயமுத்தூர் போயிட்டா, சம்சாரமும் இல்ல, தனியாத்தான் இருக்கார். என்னைத் தம்பி சம்சாரம்னு நினைச்சுட்டார் போல, நான் இல்லேன்னு சொல்லலை. அவர் பேசற சந்தோஷத்தைப் பாத்தா சொல்ல மனசு வரலை..."

அப்போதுதான் 'ஆ' என்ற எழுத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு மின்னியது. "போதும் நிறுத்துங்க."

பதின்மூன்று பேரும் வாயை மூடினார்கள்.

"உங்களுக்கெல்லாம் இது வெளையாட்டு. மே மாசம். மத்தியானத்துலேர்ந்து பொணம் தாங்கல. ஊர்ப் பெரியவங்க எடு எடுன்னு நிக்கிறாங்க. அவ ஒடம்பு எப்படி ஆச்சுன்னு பாத்தவன் நான். வந்து நின்ன மனுசன் என் சட்டையைப் பிடிச்சு, நீ ஒரு பிள்ளையாலேன்னு கேட்டாரு. அம்மாவுக்குக் கடைசியில தண்ணி குடுத்த கை இது. அந்த சுவத்துகிட்ட ஒரு பயலும் பேச வேண்டாம்." மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார், "அடுத்து உங்ககிட்டதான மேடம் வருது? நீங்க ஜன்னலைத் திறக்கக் கூடாது."

"திறக்கலை சார்" என்றாள் ஜெஸிந்தா.

கூட்டம் முடிந்ததும் அவள் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். வெயில் காய்ந்தது. காற்று வாங்க வந்த தெருப்பெண்கள் ஸ்டூலோடு திரும்பிப் போனார்கள். லூர்தம்மாள் ஸ்வெட்டரை மடித்துவைத்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் காலை பத்தரைக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "ஏம்மா, இருக்கியா?" என்றது குரல். ஜெஸிந்தா ஹெட்செட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வடிகட்டி மாற்றாத ஏதோ ஒரு ஊர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டபடி கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். செவ்வாய்க்கிழமையும் "இருக்கியா" என்றது. புதன்கிழமை, "கோவமா? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்றது. பேசுவது தப்பா, பேசாமல் இருப்பது தப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்று கிளமெண்ட் சொன்னபோது அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை பத்தரைக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குரல் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வாளி உருண்டது, அதோடு கனமாக ஏதோ சுவரில் மோதி விழுந்தது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

ஜெஸிந்தா நின்றாள். அவள் நின்றதே லூர்தம்மாளுக்கு வித்தியாசமாகப் பட்டு, "என்னட்டி?" என்றாள். ஜெஸிந்தா கொக்கியை எடுத்து ஜன்னலைத் திறந்தாள். ஒரு முழம் தள்ளிச் சுவர், பூசாத செங்கல், மேலே வென்டிலேட்டர். "ஐயா! ஐயா, கேக்குதா?"

ஒரு முனகல்தான் கேட்டது.

அவள் ஆவுடையப்பனுக்குப் போன் போட்டாள். அவர் ஒரு புகார்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. உடனே எல்லோரும் மீட்டிங்குக்கு வரவும் என்று செய்தி அனுப்பினாள். ஒரு நிமிஷத்துக்குள் பதின்மூன்று கட்டங்களும் நிறைந்துவிட்டன. எங்கெங்கோ புகார்க்காரர்களின் போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன.

"ஆவுடையப்பன் சார், உங்க அண்ணன் பாத்ரூம்ல விழுந்துட்டாரு."

"ஜன்னலைத் திறக்க மாட்டேன்னு சொன்னியளே மேடம்."

"திறந்துட்டேன்."

"அவருக்கு மக இருக்கா. அவளுக்குச் சொல்லுங்க" என்றது கறுப்புக் கட்டம்.

"கோயமுத்தூர்லேர்ந்து அவ வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் சார்?"

"அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு எங்கம்மா எரிஞ்ச இடத்துல நின்னு சொன்னவன் நான். எனக்கு அண்ணன் இல்லேன்னு சொன்னவன். இப்பப் போயி..."

மாதேவி அழுதாள். ரிஸ்வானா, "சார், போங்க சார், போங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜெஸிந்தா லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் கம்பியோடு ஒட்டிப் பிடித்தாள். முனகல் பதினாலு ஊர்களிலும் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே, எழுபது வயது மனிதர் ஒருவர், சின்னப் பிள்ளை மாதிரி, "தம்பி" என்றார். ஒரு தடவைதான் சொன்னார்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அந்த 'ஆ' அங்கேயே இருந்தது, அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

இரவு ஷிஃப்ட் முடிந்து படுத்திருந்த கிளமெண்ட் எழுந்து வந்து, விஷயம் கேட்டு, நேரே போய்ப் பக்கத்தில் நடக்கிற கட்டட வேலையிலிருந்து நீளமான இரும்புக் கம்பி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கம்பியை ஜன்னல் வழியே விட்டுச் சுவரில் குத்தினான். செங்கல் பொடி உதிர்ந்தது. "ஒத்தைச் செங்கல்தான். அவசரத்துல கட்டியிருக்கான்" என்றான். தெருப்பெண்கள் அறைக்குள் வந்து நின்றார்கள். லூர்தம்மாள் ஜெபமாலையை உருட்டியபடி, "கீழ குத்தாதல, ஆளு கிடக்காரு. மேல குத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சேரன்மகாதேவியில் ஆவுடையப்பன் அண்ணன் வீட்டு வாசலுக்கு ஓடி, பூட்டிய இரும்பு கேட்டை உலுக்கி, சத்தம் போட்டு ஆள் கூட்டி, நூற்றெட்டுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, அந்த வீட்டில் கம்பியில்லாத திறப்பே கிடையாது, பாத்ரூமுக்கும் வீட்டுக்குள்ளிருந்துதான் வழி என்று தெரிந்ததும், பக்கத்து வயலில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு முழச் சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். ஜெஸிந்தா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோது முதலில் ஒரு தோள் வந்தது, பிறகு ஒரு தொப்பை வந்து சிக்கியது, பிறகு வியர்வையும் ஒட்டடையுமாக ஒரு வட்ட முகம் வந்தது. மேல் உதட்டில் ஒரு மச்சம். கையெட்டும் தூரம். அவர் தன் வீட்டு ஜன்னலுக்குள் தூத்துக்குடிக் கூட்டம் நிற்பதைப் பார்த்தார்.

"நான்தான் மேடம், ஆவுடையப்பன்" என்றார்.

"தெரியுது சார். குத்துங்க."

அந்தச் சந்துக்குள் கடப்பாரையை ஓங்க இடமில்லை. அவர் நெம்பினார், கிளமெண்ட் இந்தப் பக்கமிருந்து குத்தினான். ஒரு செங்கல் உள்ளே விழுந்தது, பிறகு நாலு, பிறகு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சுவர் பெயர்ந்து விழுந்தது. ஆவுடையப்பன் தலையை விட்டு, தோளை விட்டு, சட்டை கிழிய உள்ளே போனார். குழாயை மூடினார். சத்தம் நின்றதும்தான் அவ்வளவு நேரம் அது எத்தனை பெரிய சத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அண்ணே" என்றார். "அண்ணே, நான்தான். கண்ணைத் திறங்க."

கோமதிநாயகம் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. "துண்டைப் போடுல முதல்ல" என்றார். "பொம்பளையாளு சத்தம் கேக்கு."

ஜெஸிந்தா கொடியில் கிடந்த துண்டை உருவிக் கம்பி வழியாக நீட்டினாள்.

இடுப்பெலும்பு முறிவு என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கோயமுத்தூர் மகள் சாயங்காலம் வந்து சேருகிறவரை ஆவுடையப்பன்தான் கூட இருந்தார், அவள் வந்த பிறகும் அவர்தான் இருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நந்தகுமார் கூப்பிட்டார். வியாழக்கிழமை காலை ஒன்றேகால் மணி நேரம் பதினாலு பேரில் ஒருவர்கூட ஒரு போனையும் எடுக்கவில்லை என்பது மேலே போயிருந்தது. "நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன் ஜெஸிந்தா. கலகலப்பா இருக்கணும்னுதான் கேட்டாங்க, இவ்வளவு வேண்டாமாம்" என்றார். டீம் கலைந்தது. ஆளுக்கொரு டீமில் சேர்த்தார்கள். அதன் பிறகு அந்தத் திங்கட்கிழமைக் கூட்டம் நடக்கவே இல்லை, எனவே ஜன்னல்கள் எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கே நின்றுவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களாகவே கூடிப் பேசி, வரிசைப்படி பெயர் கூப்பிட்டு, அதே கேள்வியைக் கேட்டும் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. ஜெஸிந்தாவுக்கு இனிமேல் என்றைக்கும் சுவர்தான் என்று ஆனது, அதிலும் ஓட்டை விழுந்த சுவர். ஆவுடையப்பனுக்குத் தருமபுரி பஸ் ஸ்டாண்டு. சேலம், கிருஷ்ணகிரி என்று கண்டக்டர்கள் கூவுவதைக் கேட்டுக்கொண்டே அவர் புகார்களுக்குப் பதில் சொன்னார்.

இருபத்திரண்டு நாள் கழித்துக் கோமதிநாயகம் வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு ஆவுடையப்பன் சந்துக்குள் மறுபடி பக்கவாட்டில் வந்து, கம்பியருகே நின்று, ஜெஸிந்தாவிடம் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னார்.

"மூணு நாளு என்கிட்ட பேசவே இல்லை மேடம். கஞ்சி குடுத்தா குடிப்பாரு, மூஞ்சியத் திருப்பிக்கிடுவாரு. நாலாம் நாளு கேட்டாரு, அன்னைக்கு அம்மா கடைசியா என்னலே கேட்டா, என்னையக் கேட்டாளான்னு. ஒம்பது வருசமா அத நெனச்சுக்கிட்டுக் கெடந்திருக்காரு. ஆமா, உங்களத்தான் கேட்டான்னு சொல்லிரலாம்னு பாத்தேன். வாய் வரல."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். உங்களையும் கேக்கல, என்னையும் கேக்கல. ஒரு மடக்குத் தண்ணி குடிச்சா, குளிருது, ஃபேனை நிப்பாட்டுன்னா. அவ்வளவுதான், முடிஞ்சிட்டு." ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஃபேனையான்னு கேட்டாரு. ஃபேனைத்தான்னேன். சிரிக்க ஆரம்பிச்சாரு மேடம். இடுப்பு வலிக்கி, சிரிக்க வைக்காதலன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நர்ஸ் வந்து ஏசிட்டுப் போச்சு. பொறகு அழுதாரு. நானும்தான்."

ஜெஸிந்தா அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

வாக்கரோடு வந்த கோமதிநாயகம், இடிந்த சுவர் வழியே தூத்துக்குடியில் ஒரு பெண் சோற்றுத் தட்டோடு குறுக்கும் நெடுக்கும் நடப்பதையும், ஒரு பெரியம்மா இவரைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்வதையும் கண்டு, இரண்டு நாள் யோசித்தார். ஓட்டையை அடைத்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். "அடைச்சா அந்தப் பிள்ளைக்கு வெயில் காலத்துல மூச்சு முட்டாதா?" என்றார் கோமதிநாயகம். "அடுத்த வீட்டுப் பொம்பளையாளு புழங்குத ஜன்னலுக்கு நேரா நின்னு நான் குளிக்கவா? மரியாதையா இருக்குமா? எடுத்துருங்க." தம்பிக்காக எடுக்காத சுவரை, முன்பின் தெரியாத ஒருத்திக்காக எடுத்தார்கள். ஒரே பகலில் பாத்ரூம் தரைமட்டமானது. ஜெஸிந்தாவின் அறைக்குள் மண் வாசனையும் வெளிச்சமும் சேர்ந்து வந்தன. ஒரு முற்றம், துணிக்கொடி, நாலு வாழை, அதற்கப்பால் வயல், வயல் முடிகிற இடத்தில் மலை. தெருப்பெண்கள் மறுபடி ஸ்டூலோடு வந்தார்கள்.

ஆவுடையப்பனுக்கு மட்டும் அதில் எதுவும் தன் ஜன்னலில் தெரியாது. அவர் ஜன்னலில் பஸ்தான் வரும். அண்ணனைப் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து, வாசலுக்கு வந்து, செருப்பு மாட்டி, வீட்டைச் சுற்றிக்கொண்டு அந்த முற்றத்துக்குத்தான் போயாக வேண்டும். தினமும் போனார்.

ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் ஜெஸிந்தா தன் புது டீமின் கூட்டத்தில் இருந்தாள். புதுத் தலைவர் கோவையிலிருந்து யாரோ ஒரு இளைஞர். "இந்த நிமிஷம் உங்க மனசு எப்படி இருக்கு, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நன்று, நன்று, நன்று என்று கறுப்புக் கட்டங்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தன. இன்னும் இரண்டு பேர் தாண்டினால் இவள் முறை. அப்போது ஜன்னலுக்கு வெளியே சத்தம் உயர்ந்தது. முற்றத்தில் அண்ணன் வாக்கரை ஊன்றி நின்றார், தம்பி ஒரு சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். புது பாத்ரூம் எங்கே வருவது என்று ஒரு மணி நேரமாகச் சண்டை.

"வாழை மூட்டுல கட்டுனா தண்ணி தானா பாயும்ல!"

"ராத்திரி இந்த வாக்கரைத் தூக்கிட்டு வாழை மூடு வரைக்கும் நடக்கப் போறது நீங்களா, நானா? வாசப்பக்கம் கட்டுவோம்ணே!"

"வாசப்பக்கம் எவனாவது கட்டுவானாலே?"

கோமதிநாயகம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். "ஏ பிள்ளே, ஜெஸிந்தா! நீ சொல்லு. நீதான் தெனம் பாக்கே."

"அடுத்தது ஜெஸிந்தா மேடம்" என்றார் புதுத் தலைவர். "ஒரே வார்த்தையில."

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தாள். கம்பி வழியே முற்றத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்து பார்த்தாள். வாழையையும் வேண்டாம், வாசலையும் வேண்டாம், மூலையில் துணிக்கொடி இருக்கிற இடத்தில் கட்டினால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும், ஆளுக்குப் பத்து எட்டு நடைதான் என்றாள்.

அது மட்டும் சரிப்படாது என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள்.